.32 மசில்லோடர்: குரோனோகிராஃப் ஒரு வேகம், கணக்கு ஒரு வேகம், கையேடு ஒரு வேகம். எதை நம்புவது?

சிறுகுழல்:

நண்பர்களே, ஒரு மாதமாக மண்டையைக் குடைகிற விஷயம் இது. என்னிடம் இருப்பது .32 காலிபர் மசில்லோடர் ரைஃபிள், பெர்கஷன் கேப் வகை, அதாவது சுத்தியல் அடித்ததும் வெடிக்கும் சின்ன மூடிதான் மருந்தைப் பற்றவைக்கும். எண்ணெய் தடவிய துணித்துண்டில் .310 அங்குல உருண்டை ஈயக் குண்டை வைத்து, குழல் வாய் வழியாக இறக்கிக் கெட்டிக்கிறேன். குண்டை நகைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 2.9 கிராம், அதாவது 45 கிரெயினுக்குப் பக்கம். மருந்து மூன்று எஃப் (நுண்ணிய மணி) கரிமருந்து, கையேட்டில் போட்டிருக்கும் உச்ச அளவுக்கு நன்றாகக் கீழே, ஒவ்வொரு முறையும் அதே அளவு.

இந்த அளவுக்குக் கையேட்டு அட்டவணை விநாடிக்கு 1,800 அடி என்கிறது, கிட்டத்தட்ட 550 மீட்டர். சரி, சோதித்துப் பார்த்துவிடலாம் என்று ஒரு நண்பரின் குரோனோகிராஃபை (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) வாங்கி, குழல் வாயிலிருந்து 2 மீட்டரில் வைத்துச் சுட்டேன். வந்த எண்கள் அடிக் கணக்கில் இவை: 1,795, 1,230, பிழை, 2,460, 1,710, பிழை. ஒரே மருந்து, ஒரே குண்டு, ஒரே துணி. எப்படி இவ்வளவு தாறுமாறாக வரும்?

அப்புறம் இயந்திரமே வேண்டாம் என்று 25 மீட்டரிலும் 50 மீட்டரிலும் ஒரே குறியில் பத்துப் பத்து முறை சுட்டு, குண்டு எவ்வளவு கீழே இறங்குகிறது என்று கணக்குப் போட்டேன். 50 மீட்டரில் குழலின் நேர்கோட்டிலிருந்து சுமார் 5.7 செ.மீ. இறக்கம். பள்ளியில் படித்த ½gt² சூத்திரத்தில் போட்டால் பறந்த நேரம் 0.108 விநாடி, வேகம் விநாடிக்கு 460 மீட்டர் சொச்சம். கையேட்டுக்கும் இதற்கும் 90 மீட்டர் வித்தியாசம். கையேடு மிகைப்படுத்துகிறதா, என் மருந்து பழசாகிவிட்டதா, அல்லது நான் கணக்கில் எதையோ விட்டுவிட்டேனா? பெரிய செலவு இல்லாமல் நம்பகமாக அளக்க வழி இருந்தால் சொல்லுங்கள்.

மரைக்குழல்:

குரோனோகிராஃப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதைக் கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லட்டும். உங்கள் கருவியில் கோளாறு இல்லை. 2 மீட்டரில் வைத்ததுதான் கோளாறு.

அந்தக் கருவி செய்வது எளிய வேலை. இரண்டு ஒளிக்கண்கள், நடுவே இரண்டடி இடைவெளி. முதல் கண்ணில் நிழல் விழுந்ததும் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும், இரண்டாவதில் விழுந்ததும் நிற்கும். நிழல் எதனுடையது என்று அதற்குத் தெரியாது. மசில்லோடரில் குழல் வாயிலிருந்து குண்டு மட்டுமா வெளியே வருகிறது? துணித்துண்டு வருகிறது, புகை வருகிறது, எரியாத மருந்துத் துகள் வருகிறது, தீக்கீற்று வேறு. குண்டு முதல் கண்ணைத் தாண்டியபின் இரண்டாவது கண் அதைத் தவறவிட்டு, பின்னால் வந்த துணியைப் பிடித்துக்கொண்டால் 1,230 வரும். முதல் கண் தாமதமாகக் கிளம்பிவிட்டால் 2,460 வரும். இரண்டு கண்ணும் குண்டையே பார்த்தது 1,795இலும் 1,710இலும்தான் என்பது என் ஊகம்.

கருவியை 5 மீட்டருக்குத் தள்ளி வையுங்கள். அதற்கு முன்னால், பாதி வழியில், ஒரு ப்ளைவுட் பலகையை நிறுத்தி நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை போடுங்கள். குண்டு ஓட்டை வழியாகப் போய்விடும், புகையும் வெடியலையும் பலகையில் மோதி நின்றுவிடும், துணியும் பெரும்பாலும் அங்கேயே விழும். நான் இப்படிச் செய்த அன்றைக்கே பிழைச் செய்தி நின்றுபோனது. ஒளிக்கண்களுக்கு இடையிலான தூரத்தையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். மடக்கு வகைக் கருவி என்றால் முழுதாக விரியாமல் 1 செ.மீ. குறைந்திருந்தாலே கிட்டத்தட்ட 1.6 சதவீதம் தப்பு வரும், உங்கள் வேகத்தில் அது விநாடிக்கு 9 மீட்டர்.

டாப்ளர் ரேடார் வைத்திருப்பவர்கள் அதையும் பயன்படுத்துகிறார்கள். 8 மில்லிமீட்டர் உருண்டையிலிருந்து திரும்பி வரும் அலை மிகவும் பலவீனம், அதனால் கொஞ்ச தூரத்திலேயே குண்டைத் தவறவிட்டுவிடும்.

காற்றுத்தடை:

உங்கள் 460 பொய் இல்லை. அது வேறு இடத்தின் வேகம், அவ்வளவுதான். ½gt² போட்டபோது குண்டு 50 மீட்டரும் ஒரே வேகத்தில் போனதாக வைத்துக்கொண்டீர்கள். கூர்முனை நீளத் தோட்டாவுக்கு இந்த அனுமானம் ஓரளவு பரவாயில்லை. சின்ன உருண்டைக் குண்டுக்குப் படுமோசம்.

கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், இந்தப் பிரச்சினையின் உயிர்நாடியே இதுதான். ஒலியின் வேகத்துக்கு மேலே ஓர் உருண்டையின் காற்றுத்தடைக் கெழு சுமார் 0.95. உங்கள் குண்டின் விட்டம் 7.87 மி.மீ., எடை 2.9 கிராம், காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோ. போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இருக்கிற வேகத்தில் 9 சதவீதம் போய்விடுகிறது. குழல் வாயில் 550 என்றால் 10 மீட்டரில் 500, 23 மீட்டரில் 440, 50 மீட்டரில் ஏறத்தாழ 340, அதாவது ஒலியின் வேகம். கிளம்பும் கணத்தில் குண்டைப் பின்னால் இழுக்கும் காற்றின் விசை அதன் எடையைப் போல கிட்டத்தட்ட 300 மடங்கு! நான் முதல்முறை இந்த எண்ணைக் கண்டபோது தசமப் புள்ளியைத் தவறாக வைத்துவிட்டேனோ என்று மூன்று தடவை சரிபார்த்தேன்.

இந்தத் தடையோடு இறக்கத்தைக் கணக்கிட்டால், 550இல் கிளம்பிய உங்கள் குண்டு 50 மீட்டரில் எவ்வளவு இறங்க வேண்டும் தெரியுமா? 5.7 செ.மீ. நீங்கள் அளந்ததேதான். காற்றே இல்லையென்றால் வெறும் 4 செ.மீ.தான் இறங்கியிருக்கும். ஆக கையேடும் உங்கள் இலக்கும் ஒத்துப்போகின்றன.

ஆனாலும் இந்த ஒத்துப்போதலை வைத்து அளந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். 550க்குப் பதில் 500இல் கிளம்பியிருந்தால் இறக்கம் 6.9 செ.மீ., வித்தியாசம் 1.2 செ.மீ. மட்டும். அதுவும் குழலின் நேர்கோடு எங்கே போகிறது என்று உங்களுக்குத் துல்லியமாகத் தெரிந்தால். 25, 50 இரண்டையும் கழித்து அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்கிறீர்கள் என்னும்போது, விநாடிக்கு 50 மீட்டர் வித்தியாசம் தாளில் 7 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. பத்துக் குண்டுகள் விழுந்த கூட்டத்தின் மையத்தை 7 மி.மீ. துல்லியத்தில் சொல்ல எத்தனை பேரால் முடியும்? இறக்கத்தை வைத்து 400ஆ 550ஆ என்று பிரித்துச் சொல்லலாம். 520ஆ 550ஆ என்று சொல்ல முடியாது.

பெரிய காலிபர் வைத்திருப்பவர்களுக்கு: இழப்பு விட்டத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். .36இல் 10 மீட்டருக்கு 8 சதவீதம், .50இல் 6 சதவீதத்துக்குப் பக்கம். ஒலியின் வேகத்துக்குக் கீழே வந்துவிட்டால் தடையும் குறைந்துவிடும், அங்கே இந்த எண்களைப் பயன்படுத்தாதீர்கள்.

ஊசலாடி:

செலவில்லாத வழி கேட்டீர்கள். 280 வருடத்துக்கு முந்தைய வழி ஒன்று இருக்கிறது, இன்றைக்கும் அச்சு அசலாக வேலை செய்யும். பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் 1742இல் வெளியிட்ட முறை: கனமான ஒரு கட்டையைத் தொங்கவிட்டு அதில் சுட வேண்டும், கட்டை எவ்வளவு தூரம் பின்னால் போகிறது என்று பார்க்க வேண்டும். அதுவரை வேகமான குண்டுக்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். அவர் கட்டையை வெவ்வேறு தூரத்தில் வைத்துச் சுட்டுப் பார்த்தபின்தான் அந்த நினைப்பு உடைந்தது. மேலே நண்பர் சொன்ன அதே அதிர்ச்சி. 1745இல் கணித மேதை ஆய்லரே அந்த நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்து விளக்கம் எழுதினார்.

நான் செய்தது இப்படி. நல்ல தடிமனான மென்மரக் கட்டை, சுமார் 5 கிலோ, நார் நுனி உங்களைப் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும், அப்போதுதான் குண்டு உள்ளே புதையும், தெறிக்காது. கட்டையை ஒரே கயிற்றில் தொங்கவிடாதீர்கள், குண்டு மையம் தப்பினால் பம்பரம் மாதிரி சுற்றி கணக்கையே கெடுத்துவிடும். நான்கு மூலையிலும் நான்கு கயிறு, எல்லாம் ஒரே நீளம், 1.5 மீட்டர் போதும். கட்டை முன்னும் பின்னும் மட்டும் ஆட வேண்டும், சாயக் கூடாது.

ஆட்டத்தை அளக்க ராபின்ஸ் ரிப்பன் கட்டினார், நானும் அதைத்தான் செய்கிறேன். கட்டையின் அடிப்பக்கம் ஒரு மெல்லிய ரிப்பனைக் குத்தி, சுடுபவர் பக்கம் தரையில் ஊன்றிய முளையில் ஒரு துணிக் கிளிப் வைத்து அதன் பிடியில் ரிப்பனை லேசாக நுழைத்துவிடுங்கள். கட்டை பின்னால் போகும்போது ரிப்பன் கிளிப் வழியாக நழுவும், திரும்பி வரும்போது தொய்ந்து தொங்கும். நழுவிய நீளம்தான் ஆட்டம். சுடுவதற்கு முன் கிளிப் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு, சுட்டபின் இன்னொரு கோடு, நடுவே ஸ்கேல் வைத்துப் படியுங்கள். கிளிப் இறுக்கமாக இருந்தால் கட்டையைப் பிடித்து நிறுத்திவிடும், ரிப்பன் தன் எடையில் நழுவாமல் நிற்கிற அளவுக்கு இறுக்கம் போதும்.

கயிற்று நீளத்தை அளக்கத் தேவையே இல்லை. கட்டையைக் கையால் லேசாக ஆட்டிவிட்டு 20 ஆட்டத்துக்கு நேரம் பாருங்கள். ஓர் ஆட்டத்தின் நேரம் T, ஆட்ட நீளம் x, கட்டையின் எடை M, குண்டின் எடை m என்றால்:

வேகம் = ((M + m) ÷ m) × x × (2π ÷ T)

ஒவ்வொரு குண்டும் கட்டைக்குள்ளேயே தங்குவதால் M கூடிக்கொண்டே போகும். பத்துக் குண்டுக்கு 29 கிராம், 5 கிலோவில் அரை சதவீதம்தான், ஆனாலும் கூட்டிக்கொள்ளுங்கள். கட்டையைக் குழல் வாய்க்கு மிக அருகில் வைத்தால் வெடிக்காற்றும் துணியும் சேர்ந்து தள்ளும், வேகம் அதிகமாகக் காட்டும். 8 மீட்டரில் வைத்து, நடுவில் அந்த ஓட்டைப் பலகையையும் நிறுத்துங்கள். கட்டைக்குப் பின்னால் குண்டைத் தாங்கக்கூடிய மண்மேடு கட்டாயம் இருக்க வேண்டும், கட்டையைத் தவறவிடும் குண்டும் வரும், பிளந்துகொண்டு போகும் குண்டும் வரும். கண்ணாடி போடாமல் யாரும் அந்தப் பக்கம் நிற்க வேண்டாம்.

புதுவரவு:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும் அண்ணா. குண்டின் இயக்க ஆற்றல் கட்டை மேலே ஏறும் நிலையாற்றலாக மாறுகிறது என்று வைத்து நேரடியாகக் கணக்குப் போடலாமே? கயிறு நீளமும் ஆட்டமும் தெரிந்தால் கட்டை எவ்வளவு உயரம் ஏறியது என்று தெரிந்துவிடும் இல்லையா?

ஊசலாடி:

தம்பி, நல்ல கேள்வி, முதல்முறை செய்யும்போது நிறையப் பேர் விழும் குழி இது. போட்டே பார்ப்போம். 5.2 கிலோ கட்டை 11 செ.மீ. பின்னால் போனால் 1.5 மீட்டர் கயிற்றில் அது ஏறும் உயரம் 4 மி.மீ. சொச்சம்தான். ஆற்றல் 0.2 ஜூல். 2.9 கிராம் குண்டுக்கு அந்த ஆற்றலைக் கொடுத்தால் விநாடிக்கு 12 மீட்டர் வேகம் வரும், கையால் எறிந்தால்கூட அதைவிட வேகமாகப் போகும். நிஜத்தில் குண்டு கொண்டுவந்தது 370 ஜூலுக்கு மேல். மீதி எல்லாம் மரத்தைக் கிழிப்பதிலும் ஈயத்தை நசுக்கிச் சூடாக்குவதிலும் போய்விட்டது. உந்தம் (எடையையும் வேகத்தையும் பெருக்கி வருவது) மட்டும்தான் மோதலில் தொலையாது, அதனால்தான் சூத்திரத்தில் ஆற்றல் வரவில்லை. மோதல் முடிந்து கட்டை ஆடத் தொடங்கிய பிறகு நீங்கள் சொன்ன ஆற்றல் கணக்கு சரி.

ரைஃபிளையே தொங்கவிட்டு அதன் பின்னுதைப்பை அளக்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். குண்டோடு சேர்ந்து மருந்தின் வாயுவும் வெளியே பாய்வதால் அதன் உந்தமும் உதைப்பில் சேர்ந்துவிடும். சின்னக் காலிபரில் மருந்தின் எடை குண்டின் எடையோடு ஒப்பிடுகிற அளவுக்கு இருக்கும், அதனால் அந்த வழியில் போகாதீர்கள்.

ஒலிப்பதிவு:

என்னிடம் கட்டையும் இல்லை, குரோனோகிராஃபும் இல்லை, போனில் ஒலி பதிந்துதான் அளக்கிறேன். குழல் வாய்க்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னே, 1 மீட்டர் தள்ளி போன். 20 மீட்டரில் மண்மேட்டுக்கு முன்னால் ஒரு ப்ளைவுட் தாள், அடிபட்டால் சுள்ளென்று சத்தம் வரும். பதிவைக் கணினியில் திறந்தால் வெடிச்சத்தம் ஒரு மலை, கொஞ்சம் தள்ளி பலகைச் சத்தம் ஒரு குன்று. இரண்டும் தொடங்கும் புள்ளிகளுக்கு இடையே உள்ள நேரத்தில், பலகையிலிருந்து சத்தம் திரும்பி வந்த நேரத்தைக் கழித்து, வெடிச்சத்தம் போனுக்கு வர எடுத்த 1 மீட்டர் நேரத்தைக் கூட்டினால் குண்டு பறந்த நேரம். வெடிச்சத்தத்தில் மைக் திணறி உச்சி வெட்டுப்பட்டிருந்தாலும் கவலையில்லை, தொடக்கம்தான் நமக்கு வேண்டும்.

வெப்பநிலையைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். ஒலியின் வேகம் 331.3 + 0.606 × செல்சியஸ். 10 டிகிரி தப்பாகப் போட்டால் 20 மீட்டரில் 1 மில்லிவிநாடி தப்பும், குண்டு பறப்பதே 40 மில்லிவிநாடிதான், ஆக இரண்டரை சதவீதம் போச்சு. போனைப் பாதி வழியில் வைத்தால் ஒலி நேரம் தானாகக் கழிந்துவிடுமே என்று நானும் ஆசைப்பட்டு வைத்தேன். ஒலியை முந்தும் குண்டின் அதிர்வலை வெடிச்சத்தத்துக்கு முன்னாலேயே மைக்கை அடைந்து எது எதுவென்று தெரியாமல் போய்விட்டது, அந்த வேலை வேண்டாம்.

வருவது 20 மீட்டரின் சராசரி வேகம். அதை 10 மீட்டரில் இருந்த வேகமாக எடுத்துக்கொண்டு, .32க்கு 1.1ஆல் பெருக்கினால் குழல் வாய் வேகம்.

சிறுகுழல்:

எல்லோருக்கும் நன்றி, செய்துவிட்டு வந்து எழுதுகிறேன் என்று இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன்.

கட்டை 5.2 கிலோ, 20 ஆட்டம் 49.2 விநாடி, அதாவது ஓர் ஆட்டம் 2.46. குழல் வாயிலிருந்து 8 மீட்டர். முதல் நாள் ரிப்பன் 9 செ.மீ.தான் நழுவியது, மனசே விட்டுப்போனது. குனிந்து பார்த்தால் கிளிப்பின் ஸ்பிரிங் ரிப்பனில் பல் பதியும் அளவுக்குக் கடித்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டு மடித்த அட்டைத் துண்டின் நடுவே ரிப்பனை விட்டேன், அதற்குப் பிறகு ஒழுங்காக வந்தது. பத்து முறை சுட்டதில் குறைந்தது 10.7, அதிகம் 11.5, சராசரி 11.1 செ.மீ. சூத்திரத்தில் போட்டால் விநாடிக்கு 508 மீட்டர், 8 மீட்டர் தூரத்தில். காற்று தின்றதைத் திரும்பச் சேர்த்தால் குழல் வாயில் 549! கையேட்டு எண்ணுக்கு ஒரு மீட்டர் பக்கத்தில். ரிப்பனில் ஒரு மில்லிமீட்டர் என்பது 4.6 மீட்டர் வேகம் என்பதால் இவ்வளவு நெருங்கியது கொஞ்சம் அதிர்ஷ்டம்தான், ஆனால் 460 இல்லை என்பது மட்டும் உறுதி. குரோனோகிராஃபையும் 5 மீட்டரில் பலகையோடு வைத்தேன், பிழை ஒன்றுகூட வரவில்லை, சராசரி 1,715 அடி, அதாவது 523 மீட்டர். 5 மீட்டர் காற்றைச் சேர்த்தால் அதுவும் 548இல் வந்து நிற்கிறது.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. குழலைத் துடைத்துக் காயவைத்தபின் சுடும் முதல் குண்டு மட்டும் ஒவ்வொரு முறையும் 2, 3 மி.மீ. குறைவாகவே ரிப்பனை இழுக்கிறது. இது ஏன்? அப்புறம் மருந்தைக் கொஞ்சம் மாற்றினால் வேகம் எவ்வளவு மாறும் என்று முன்கூட்டிச் சொல்ல வழி உண்டா?

மரைக்குழல்:

முதல் குண்டு விஷயம் எனக்கும் உண்டு. சுத்தமான குழலில் துணி வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒன்றிரண்டு வெடிக்குப் பிறகு கரி படிந்தால் குண்டு கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும், மருந்து அந்த எதிர்ப்பில் நன்றாக எரியும். குழலில் எண்ணெய் ஈரம் மிச்சமிருந்து மருந்தின் அடிப்பகுதியை நனைத்தாலும் முதல் குண்டு சோம்பும். மருந்தை ஊற்றும் முன் உலர்ந்த துணியை ஒருமுறை விட்டு எடுங்கள், நிரப்புவதற்கு முன்பே வெறும் கேப் ஒன்றை வெடித்து அடைப்பை ஊதிவிடுங்கள். அதற்குப் பிறகும் 2 மி.மீ. குறைந்தால் காரணம் கரிதான். கெட்டிக்கும் அழுத்தமும் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்கட்டும், கம்பியில் ஒரு கோடு போட்டு குண்டு அதே இடத்தில் உட்காருகிறதா என்று பாருங்கள்.

காற்றுத்தடை:

இரண்டாவது கேள்விக்கு: ராபின்ஸின் ஊசலைப் பெரிதாக்கி, இங்கிலாந்தின் வூல்விச்சில் பீரங்கிக் குண்டுகளையே அளந்தவர் கணிதவியலாளர் சார்ல்ஸ் ஹட்டன். ஒரே குண்டுக்கு வேகம் மருந்து எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறுகிறது என்று அவர் கண்டார். 10 சதவீதம் மருந்து கூட்டினால் 5 சதவீதம் வேகம். உங்கள் 549, 576 ஆகும், ரிப்பனில் 5 அல்லது 6 மி.மீ. அதிகம் இழுக்கும். சின்னக் காலிபரில் மருந்து கூடக்கூட அந்த லாபமும் குறையும், குழல் முடிந்தபின் எரியும் மருந்து குண்டைத் தள்ளாது. குறைத்துப் பார்ப்பதில்தான் இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும், முதலில் 10 சதவீதம் குறைத்து பத்துக் குண்டு சுடுங்கள், ரிப்பன் 10.5 செ.மீ. பக்கம் வர வேண்டும். கூட்டுவதாக இருந்தால் கையேட்டின் உச்சத்தைத் தாண்டவே கூடாது, கரிமருந்து இருக்க வேண்டிய குழலில் புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூடக் கலக்கக் கூடாது.

சிறுகுழல்:

பழைய கட்டை பத்துக் குண்டில் நடுவே விரிசல் விட்டுவிட்டது, புதிய கட்டை அறுத்து வைத்திருக்கிறேன். எடை 5.4 கிலோ, கயிறு அதே கயிறு. குறைத்த மருந்துக்கு இந்தக் கட்டையில் ரிப்பன் 10.1 செ.மீ. வர வேண்டும் என்று சுடுவதற்கு முன்பே நோட்டில் எழுதிவிட்டேன்.